எடை ஏறாத குழந்தையும் ஏன் அக்காவும்

அரசு மருத்துவமனையின் பின்பக்கத்தில், குளிர்பெட்டி எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஓர் அறை. வருமானம் குறைந்த வீட்டுத் தாய்மார்களுக்கு இலவசப் பாலும், குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டு மருந்தும் அங்கேதான் கிடைக்கும். கொடுப்பவருக்கு 'ஏன் அக்கா' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பார். "இவளுக்குப் பதில் கிடைக்கலைன்னா சோறு இறங்காது" என்று அவர் கணவரே சொல்வார்.

துணி ஆலையில் தையல் வேலை பார்க்கும் ஒருத்தி தவறாமல் வந்து பால் வாங்கிப் போவாள். அவள் இடுப்பில் இருக்கும் பெண் குழந்தையைத் தராசில் வைத்தால் முள் அசையவே யோசிக்கும்.

"பால் குடிக்கிறாளாம்மா?" என்று அக்கா ஒரு நாள் கேட்டார்.

"நல்லா குடிக்கிறாக்கா." சொல்லும்போதே அவள் கண் சுவர்ப்பக்கம் போனது.

பாலை விற்றுவிடுகிறாளோ? அப்படியானால் மருந்தையும்தானே விற்றிருப்பாள்? குழந்தையின் சட்டைக் கழுத்தில் மருந்தின் மஞ்சள் கறை இருக்கிறதே! அக்காவுக்கு மண்டை குடைந்தது.

வேலை முடிந்ததும் வீடு விசாரித்துப் போனார். கதவு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டிலிருந்து குழந்தையின் சிரிப்பு கேட்கவே அங்கே தட்டினார். திறந்தவர் ஓய்வுபெற்ற காவலாளி. தோளில் அந்தக் குழந்தை. நரைத்த மீசைக்கு மேல், அதைவிட வெளுப்பாகப் பால் நுரை.

"யாரும்மா நீங்க?"

"பால் குடுக்கிற இடத்திலேர்ந்து வர்றேங்க."

காவலாளி சட்டென்று மீசையைத் துடைத்தார். துடைத்ததில்தான் மாட்டிக்கொண்டார்.

அதற்குள் வேலையிலிருந்து திரும்பிய தையல்காரி அக்காவைக் கண்டதும் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்கக்கா! பால் குடிச்சா இவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகுது, வாந்தி வேற. வேண்டாம்னு சொன்னா மருந்தையும் சேத்து நிறுத்திடுவாங்களோன்னு பயம். ஐயா ஒத்தப் பைசா வாங்காம புள்ளையப் பாத்துக்கிறாரு. அவருக்கு வேற என்னத்தக் குடுப்பேன்?"

விற்கிறாள் என்று நினைத்ததற்காக அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல? நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுவோம், வா."

டாக்டர் பரிசோதித்துவிட்டு, பால் ஒவ்வாமைதான் என்றார். "இந்த மாதிரி குழந்தைங்களுக்கு சோயா பால் மாவு தரலாம்னு திட்டத்திலேயே இருக்கே. யாரும் கேக்காததால நாம வரவழைக்கல."

மாவு வந்தது. குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கப் பழகியது. மெல்லக் கன்னம் உப்பியது.

ஆனால் காவலாளிக்குக் கிடைத்துவந்த பால் நின்றுபோயிற்று. தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் கொடுக்க வழியுண்டா என்று அக்கா மேலிடத்தில் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை தையல்காரியே தன் சம்பளத்தில் அவருக்கு ஒரு பாக்கெட் வாங்கித் தருகிறாள். அவர் அதில் டீ போட்டு, அவள் ஆலையிலிருந்து வந்ததும் முதல் டம்ளரை அவளிடமே நீட்டுகிறார்.