ஊர்ப்பேச்சு ஒட்டாத பிள்ளை

மூன்றரை வயது பவதாரிணிக்கு ஆங்கிலத்தில் பத்து நிறங்கள் தெரியும். பசித்தால் அம்மா என்று கூப்பிடத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்துப்போய் சோற்றுப் பானைமுன் நிறுத்துவாள்.

ஆர்த்திகாவுக்கு அது குறையாகவே படவில்லை. திருவாதவூரில் அவள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், 'இம்புட்டு' என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அந்தப் பேச்சு மகளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று கல்யாணமாகி வந்த கோச்சடை மாடிவீட்டில் தன் வாயை மூடிக்கொண்டாள். பேசும் வேலையைப் போனில் ஓடும் ஆங்கில வீடியோக்களிடம் விட்டாள். லாரி ஓட்டும் கணவன் முத்துக்குமரன் மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களில் அங்கே போன் மட்டுமே பேசியது.

எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போனபோது ஆனிமேரி மிஸ் குனிந்து கேட்டார்: "பாப்பா, என்ன சாப்ட்டீங்க?"

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அவர் போனைப் பார்த்து, "ரெட், புளூ, எல்லோ" என்றாள்.

"இங்கிலீஷ் நல்லா சொல்லுவா மிஸ்," என்றாள் ஆர்த்திகா அவசரமாக.

"சொல்றா, சரிம்மா. யார்கிட்ட சொல்றா? வீட்ல இவகூட யாரு பேசுவா?"

ஆர்த்திகா பிள்ளையைப் போனிடமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காது டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருங்க. போனை எடுத்து வச்சிட்டு நீங்க பேசுங்க. ஜூன்ல கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதுதான் ஆர்த்திகாவைக் குத்தியது. நன்றாகக் கேட்கும் காதுக்கு, பெற்றவள் இத்தனை நாள் என்ன கொடுத்தாள்?

போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். முத்துக்குமரன் கூப்பிட்டால் அரிசிக்குள் அதிரும். வெளியே போய்ப் பேசிவிட்டு வருவாள். பிள்ளை தரையில் புரண்டு அழுதது. "பாப்பா, இது தட்டு. இது சோறு," என்று பாடப்புத்தகம்போல ஆர்த்திகா ஆரம்பித்தாள். நான்கு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆளிடம் பேசி அவளுக்கே எத்தனை நாளாகிவிட்டது!

ஐந்தாம் நாள், பருப்புச் சோற்றோடு கெஞ்சிக் கெஞ்சிப் பொறுமை போயிற்று.

"எம்புட்டு நேரந்தாண்டி கெஞ்சுறது? அந்தா பாரு, எதுத்த மாடில காக்கா அம்புட்டு வத்தலையும் தூக்கிட்டுப் போகுது. ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல. இங்கன உங்காத்தா கெடக்காளே, அதே மாதிரி..."

பாதியில் நிறுத்தினாள். பிள்ளை அழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பவதாரிணி சுட்டுவிரலை நீட்டி அம்மாவின் உதட்டில் ஒருமுறை தட்டினாள். நின்றுபோன வீடியோவை அவள் அப்படித்தான் ஓடவைப்பாள்.

ஆர்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காக்கா இருக்குல்ல, அது..."