கறையில் உருக்கும் என் மகளின் கோப்பையும்

பாத்திரக் கடையில் நிற்பவளுக்குக் காலை விட வாய்தான் அதிகம் வலிக்கும்; புத்தளத்தில் என்னைப்போல் கடைகளில் நிற்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மகள் தூங்கிவிட்டாள், எழுதுகிறேன்.

வெள்ளி எங்கே?

மன்னாரில் மீளக் குடியேறிய குடும்பத்துக்கு மகளைக் கட்டிக்கொடுக்கும் ஓர் உம்மா, எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இதுல வெள்ளி எவ்வளவு இரிக்கி மகள்?" துளியும் இல்லை என்றேன். 'எப்போதும்', 'வெள்ளி' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி வைத்த பெயர். என்றைக்கும் வெள்ளி மாதிரி மின்னுமாம், அவ்வளவுதான். உம்மா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி வந்து கேட்டா நீங்க வாயத் தொறக்காதீங்க."

புத்தகத்துப் பெயர்

கொன்வென்டில் விஞ்ஞானம் படிப்பித்த சிஸ்டர் இதையே 'கறையில் உருக்கு' என்பார். இரும்பை உருக்கி எடுப்பதால் உருக்கு. கறை இல்லாததால் கறையில். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்ற ஆங்கிலப் பெயரின் நேர்த் தமிழ். இந்த விளக்கத்தோடு உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு நானாவுக்குச் சட்டி விற்றேன். அவர் அதில் ஈர உப்பை நிரப்பி மூடி வைத்திருக்கிறார். திரும்பக் கொண்டுவந்தபோது அடியெல்லாம் பழுப்புப் புள்ளி. கறை பிடிக்கவே பிடிக்காது என்று அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை, உப்பு கிடந்தால் அரிக்கும் என்று இழுத்தேன்.

"உப்புக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாதே, டீச்சர்!"

கோப்பை

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால், மகள் பால் குடிக்கும் கோப்பையிலும் அதே புள்ளிகள். எங்கள் கடையில் நானே தெரிந்தெடுத்த கோப்பை. அவளோ கோப்பையை வாயருகே கொண்டுபோனாலே தட்டிவிட்டு அழுதாள். பிள்ளைக்குத் துருவையா கரைத்துக் கொடுத்திருக்கிறேன்? மாதாவே என்று பிள்ளையையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு மருத்துவமாது மிஸ்ஸின் வீட்டுக்கு ஓடினேன். கணவர் பின்னால் வந்தார்.

மிஸ் மகளின் வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்தார். "முரசு வீங்கியிருக்கு, பல் வருது. கோப்பை படேக்க நோகுது, அதுதான் தட்டுறா." பிறகு கோப்பையைத் திருப்பினார். "இதை எதால தேய்க்கிறீங்க?"

"தென்னந்தும்பாலதான் மிஸ்."

வாசலில் நின்ற கணவர் தலையைச் சொறிந்தார். "நேற்று நான்தான் கழுவினன். உனக்கு உதவியா இருக்கட்டும் எண்டு, போட் எஞ்சின் தேய்க்கிற இரும்பு நாரால நல்லா மினுக்கினன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மிஸ் கோப்பையை என் கையில் தந்தார்.

"நாரில இருந்து ஒட்டின துருதான், தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்ச்சாப் போயிடும், பிள்ளைக்கு ஒண்டுமில்ல, இவரை மட்டும் குசினிக்குள்ள விடாதீங்க."

இப்போதெல்லாம் "இது துருப்பிடிக்காதுதானே?" என்று யார் கேட்டாலும், "உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?" என்று விசாரித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.