நாளைய கசிவை இன்றே எழுதியவன்

நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் மானம் போய்விடும். இன்னும் விடியாத மூன்று நாட்களுக்கு ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, மாமியார் வீட்டுக்குக் கறி தின்னப் போனவன் நான்.

எனக்கு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வேலை. நிலக்கரி கழுவிய கறுப்புச் சேற்றைத் தேக்கி வைத்திருக்கும் மண்கரையைத் தினமும் சாயங்காலம் சுற்றி வந்து, நீர்மட்டம் எவ்வளவு, கசிவு உண்டா என்று நோட்டில் எழுத வேண்டும். மேலதிகாரி மாதம் ஒருமுறை வருவார். பூட்ஸ் அழுக்காகுமென்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே நோட்டைப் பார்ப்பார். அவருக்காக ஒரு நாள் நீலப் பேனா, மறுநாள் கறுப்பு என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். நீர்மட்டத்தைக்கூட தினம் ஒரு விரல் குறைத்திருந்தேன். அப்படி ஒரு தொழில் சுத்தம்.

மாமியார் ஊரான வடக்கனந்தலில் வந்து இறங்கிய மறுநாள், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது. மத்தியானம் மழையும் பிடித்துக்கொண்டது. மேற்கே மலை மறைந்தது; கிழக்கே, சுரங்கம் இருந்த பக்கம், அதைவிட இருட்டு. நோட்டில் நான் இறக்கி வைத்த தண்ணீர் அங்கே ஏறிக்கொண்டிருக்கும். கரைக்கு நேர் கீழே முப்பது குடிசை.

முதல் நாள் ஆட்டுக்கறி, மறுநாள் முட்டை, மூன்றாம் நாள் வெறும் ரசம். மாமியாருக்கும் நான் எப்போது கிளம்புவேன் என்றுதான் இருந்திருக்கும்.

நடந்தே போய்விடலாமென்று புறப்பட்டேன். முதல் மரத்திலேயே மடக்கினார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்தவன் எனக்கு மச்சினன் முறை.

“எங்க மாமா போய்க்கினு இருக்கீங்க?”

“வேலைக்கு.”

“இன்னா வேல?”

“கரையைப் பாக்கணும்.”

“ரெண்டு நாளா யாரு பாத்துக்கினு இருந்தா?”

நோட்டு பார்த்துக்கொண்டிருந்தது என்றா சொல்வது? திரும்பி வந்தேன்.

தெருவில் போன் இருந்தது மல்லாட்டை வியாபாரி பாய் கடையில் மட்டும்தான். சுரங்கத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பதற்றத்தில் கை தானாக மூட்டைக்குள் போய்க் கடலையை வாய்க்குக் கொண்டுவந்தது.

“லைன் கெடைக்கறதுக்குள்ள மூட்டைய காலி பண்ணிடுவீங்க போல இருக்கே, மாப்ளே!” என்றார் பாய்.

ஒருவழியாக லைன் கிடைத்தது. எடுத்தவர் கரையிலேயே கொட்டகை போட்டிருக்கும் காவல்காரர். நோட்டும் அவரிடம்தான் இருந்தது. வேலை போனாலும் போகட்டுமென்று கத்தினேன்.

“அண்ணே, அந்த நோட்ட நம்பாதீங்க! நான் முன்னாடியே எழுதி வச்சது, எல்லாம் பொய்! கீழ இருக்கற சனங்கள மேட்டு ஸ்கூலுக்கு ஏத்துங்க!”

கடையே திரும்பிப் பார்த்தது. பாய் தராசைக் கீழே வைத்தார். அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு மேலே காவல்காரர் குரல் கேட்டது.

“தெரியும் சார். அதான் நேத்தே ஏத்திட்டோம்.”