தேசிக்காயும் நாலு சில்லும்

பிள்ளைகளோடை மரக்கட்டையிலை ரேஸ் கார் செய்யிற வேலையிலை மரம் கரைச்சல் தராது, வாள் தராது, பிள்ளைகளும் தரமாட்டினம். எல்லாக் கரைச்சலும் தகப்பன்மாராலைதான். பிள்ளைக்கு உதவி எண்டு தொடங்கி, பிள்ளையை நித்திரைக்கு அனுப்பிப்போட்டு முழுவதையும் தானே செய்து முடிச்ச ஆக்கள் இதை வாசிச்சுக்கொண்டிருப்பீங்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கிழமை நாளிலை எனக்குத் தச்சு வேலை. சனிக்கிழமையிலை, ஜெர்மனியிலை கெல்சென்கிர்ச்சன் நகரத்திலை எங்கடை பகுதிச் சாரணர் குழுவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கார் செய்யப் பழக்கிறன். ஆளுக்கு ஒரு கட்டை, நாலு சில்லு, அச்சுக்கு நாலு ஆணி. செய்த காரைச் சரிவான பலகைப் பாதையிலை உருளவிட்டுப் போட்டி வைப்பம். பிள்ளையின்ரை கைதான் வேலை செய்யவேணும் எண்டதுதான் சட்டம்.

பார்சல் வான்

யோனாஸ் எண்டு ஒரு ஜெர்மன் பொடியன். மற்றப் பிள்ளைகள் அரிஞ்சு, ராவி, மண்டபத்தையே தூசாக்க, இவன் சில்லை மட்டும் பூட்டிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். முன்பக்கத்தைக் கொஞ்சம் சரிச்சு வெட்டினால் வடிவா இருக்கும் எண்டு நயமாச் சொல்லிப் பாத்தன். அவன் என்னைப் பாத்த பார்வையிலை, எனக்குத் தொழில் தெரியுமோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது.

"இது கார் இல்லை, பார்சல் வான். பார்சல் வான் பெட்டி மாதிரித்தான் இருக்கும்."

டோர்ச் பிடிச்ச கை

லக்சிகாவுக்கு ஒன்பது வயசு. போன வருசம் அவளின்ரை கார் பாதையின்ரை நடுவிலை நிண்டுபோச்சு. எல்லாரும் சிரிச்சுப்போட்டினம். வீட்டை போகுமட்டும் அழுதவளாம். இந்த முறை முதலாம் இடமெல்லாம் வேண்டாம், பாதையின்ரை கடைசி மட்டும் போனால் காணும் எண்டு என்னட்டை வந்து சொன்னாள். எனக்குப் பாவமாப் போச்சு.

அரைவாசி செய்த காரை வீட்டை கொண்டு போனவள், அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்தது ஷோரூமிலை நிக்கிற சாமான். சிவப்புப் பெயின்ற், முகம் பாக்கலாம், அவ்வளவு மினுக்கம். பின்னாலை தகப்பன் தயாபரன் ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டார். கராஜிலை வாகனம் திருத்திற மனிசன், கை சும்மா இருக்குமே? இதிலை நீ என்ன செய்தனி எண்டு லக்சிகாவைக் கேட்டன். அவளுக்குப் பொய் வராது.

"வீட்டுக்குக் கீழை கெல்லருக்குள்ளை வெளிச்சம் காணாது மாமா. நான் டோர்ச் பிடிச்சனான்."

பொட்டு வைச்ச கார்

அந்தச் சிவப்புக் கார் தயாபரன் வீட்டு அலுமாரிக்குப் போச்சு. லக்சிகா புதுக் கட்டை எடுத்துத் தானே அரிஞ்சு, தானே பூட்டினாள். கோணல்தான், ஆனால் ஓடிச்சுது.

போட்டியண்டு காருகளின்ரை பாரம் நிறுக்கிற மேசைக்குப் போறன், லக்சிகாவின்ரை காருக்குச் சந்தனப் பொட்டு! புது வாகனத்தைச் சும்மா விடேலாதாம். சில்லுக்குக் கீழை வைச்சு நசிக்கத் தயாபரன் பொக்கற்றுக்குள்ளை இருந்து தேசிக்காயும் எடுத்தார். உள்ளங்கையளவு கார் ஏறித் தேசிக்காய் என்னெண்டு நசியும்? மனிசன் மேலாலை ஒரு அமத்து அமத்தினார். தேசிக்காய் அப்பிடியே இருந்துது, முன் அச்சு ஆணி வளைஞ்சுபோச்சு. லக்சிகாவின்ரை முகத்தை என்னாலை பாக்கேலாமல் இருந்துது. தராசோடை நிண்ட குழுப் பொறுப்பாளர் பிர்கிட் காரையும் தேசிக்காயையும் மாறி மாறிப் பாத்தா.

"இந்தப் பழத்தையும் சேத்தோ நிறுக்கிறது?"

கடைசி மட்டும்

தயாபரன் குறட்டோடை ஓடி வந்தார். நான் மறிச்சன். அப்ப நீங்களாவது நிமித்திக் குடுங்கோ அண்ணை எண்டு கெஞ்சினார். எனக்கும் கை துருதுருத்ததுதான், ஆனால் சட்டம் எனக்கும் சட்டம்தானே. லக்சிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆணியைக் கழட்டித் தரையிலை வைச்சுச் சுத்தியலாலை தட்டினாள். பிரட்டிப் பிரட்டித் தட்டியும் முழுசா நிமிரேல்லை. சில்லு லேசா உருளப் பென்சில் கரித்தூளைப் பூசித் திருப்பிப் பூட்டினாள். தகப்பன் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

கார் பக்கப் பலகையை உரஞ்சி உரஞ்சி இறங்கினது. போன வருசம் நிண்ட அதே இடத்திலை வேகம் குறைஞ்சுது. பார்சல் வான் முதலாவதாப் போய்ச் சேந்து, மற்றதுகளும் போய்ச் சேந்து, எல்லாத்துக்கும் பிறகு அந்தக் கோணல் கார் ஊர்ந்து போய் முடிவிலை வைச்ச மெத்தையிலை முட்டிச்சுது. தயாபரன் அழுதிட்டார். எனக்கும் அதே நிலைமைதான். லக்சிகா காரைத் தூக்கிக்கொண்டு நேரா அவரிட்டை வந்தாள்.

"அப்பா, அடுத்த வருசம் டோர்ச்சை நீங்கள் பிடியுங்கோ."

ஆக, வாற வருசம் நான் தகப்பன்மாருக்கு டோர்ச் பிடிக்கப் பழக்கவேணும், அவை பிள்ளைகளைப்போல லேசிலை சொல்வழி கேக்கமாட்டினம்.