மணி இல்லாத சைக்கிள்

உர மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலுக்குச் சரியான முனை என்று ஒன்று உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் "சர்ர்ர்" என்று ஒரே மூச்சில் பிரிந்து வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் நூல் சிக்கிக்கொண்டு அரிவாளைத் தேட வேண்டியிருக்கும். என் அத்தைக்கு அந்தச் சரியான முனை ஒருபோதும் தவறியதில்லை. தையல் பிரிந்ததும் கண்ணை எரிக்கும் ஒரு நெடி கிளம்பும். அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகும், பஸ்ஸில் போகும்போது எங்கோ ஒரு உரக்கடையிலிருந்து அந்த நெடி வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வயதாகிவிட்டதால் வரும் படபடப்பு இல்லை அது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நான் சொன்ன ஒரு பொய்யின் நெடி.

அத்தை என் அப்பாவின் அக்கா. பிள்ளையில்லை, கணவரும் சீக்கிரமே போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்துகொண்டு, தஞ்சாவூரில் குடியிருந்த ஒரு மிராசுதாரின் நிலத்தில் மூன்று மாவைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே சாகுபடி செய்தாள். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். எழுத்துப்பூர்வமாக எதுவும் கிடையாது. தை மாதம் களத்தில் குத்தகை நெல்லைக் குறையாமல் அளந்துவிட்டால் அடுத்த வருஷமும் நிலம் அவளுடையது, குறைந்தால் வேறு ஆளுக்கு. "பொம்பளை சாகுபடி பண்ணி என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்று ஊரில் கேட்டவர்களுக்கு, "கிழிக்கறதுக்குத் துணிக்கடை வெக்கணும்யா, நான் நடவு நடப்போறேன்" என்று பதில் சொல்லிவிட்டு வரப்பில் இறங்குகிறவள் அவள். அந்த மூன்று மா அவளுக்குச் சோறு மட்டுமில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் இருப்பதற்கான இடமும் அதுதான்.

அந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றங்கரையோரமாக நாலு மைல் நடந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் போக வேண்டும். "போக நாலு, வர நாலு. வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் நேரம் இருக்கும், எதுக்கு? மில்லுல மூட்டைக்குக் குறி போட ஆள் கேக்கறாங்க" என்றார் அரிசி மில்லில் வேலை பார்த்த அப்பா. அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் நடவுக்காக வாங்கி வந்த முதல் மூட்டையைப் பிரித்தபோது, உரத்துக்குள்ளிருந்து மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு சீட்டு வந்தது. அதைத் துடைத்து என்னிடம் நீட்டி, "மருமவனே, இதுல என்ன எழுதியிருக்கு, படி" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

சீட்டின் ஒரு பக்கத்தில் சைக்கிள் சக்கரம் ஒன்றின் படம். மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில், முன்சக்கரம், பின்சக்கரம், சட்டம், கைப்பிடி, இருக்கை, மணி ஆகிய ஆறு படங்களையும் சேர்த்து அனுப்புகிற விவசாயிக்குப் புத்தம்புதிய சைக்கிள் இலவசம் என்று அச்சிட்டிருந்தது. நான் அதை உரக்கப் படித்தேன். அத்தையின் முகம் மலர்ந்தது. "பள்ளிக்கோடத்துக்குச் சைக்கிள் வந்துருச்சுடா" என்றாள்.

அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, இரண்டு வரி இருந்தது. எல்லாப் படங்களும் எல்லா ஊர்க் கடைகளுக்கும் அனுப்பப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது குறித்து நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. நான் வகுப்பில் முதல் மாணவன். 'உத்தரவாதம்' எனக்குத் தெரியாத சொல் அல்ல. அந்த இரண்டு வரியை மனதுக்குள் படித்தேன், முழுவதும் புரிந்தது, வாயைத் திறக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் அத்தை.

"அவ்வளவுதான்" என்றேன்.

இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

அடுத்த சில வாரங்களில் படங்கள் சேர்ந்தன. அத்தை வாங்கிய மூட்டைகளிலிருந்து மூன்று வந்தது. மீதியை அவள் ஊர் முழுக்கக் கேட்டு வாங்கினாள். பலருக்கு அதில் அக்கறை இல்லை. சிலர் கிண்டல் செய்துகொண்டே கொடுத்தார்கள். கஞ்சிப் பசையால் கதவின் உட்பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்டி வந்தாள்; ஐப்பசி பிறந்தபோது மணியைத் தவிர முழு சைக்கிளும் அந்தக் கதவில் நின்றது. எங்கள் ஊரில் யாருக்கும் மணி வரவில்லை. பக்கத்து ஊர்களிலும் வரவில்லை. "மணி இல்லாட்டி என்னடா, 'ஒதுங்கு ஒதுங்கு'ன்னு வாயால கத்திக்கிட்டே போ" என்று அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். 

பயிருக்கு வேண்டிய உரம் அதற்குள் போட்டாகிவிட்டது. இனி வாங்குகிற மூட்டை எல்லாம் மணிக்காகத்தான். அத்தை தன்னுடைய வெள்ளாட்டை விற்றுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி ராவுத்தர் உரக்கடைக்குப் போனாள். ராவுத்தர் நல்ல மனுஷர். அத்தை மூட்டையைக் காட்டிக் கேட்டதும் தயங்கினார்.

"மூணு மாவுக்கு இதுக்கு மேல எதுக்குக்கா? பயிரு தாங்காது."

"பயிருக்கு இல்லண்ணே, மணிக்கு."

"எந்த மூட்டையில எது இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. பிரிச்சுட்டா நான் திரும்ப எடுத்துக்க முடியாது, பாத்துக்கங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி படிக்கிற புள்ளதானே? சீட்டுல என்ன போட்டிருக்குன்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி."

நான் ராவுத்தரின் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை எனக்காகப் பேசினாள். "அதெல்லாம் அவன் படிச்சுட்டான்" என்றாள், பெருமையாக.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூட்டை. இரண்டிலும் பின்சக்கரம். இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கலப்பு உரத்தை மூடி வைத்திருந்தால் கெடாது. ஐப்பசி அடைமழையில் வாயைப் பிரித்துவிட்டால் பத்து நாளில் ஈரத்தைக் குடித்துக் கருங்கல்லாக இறுகிவிடும், பிறகு கடப்பாரையால் உடைத்தாலும் பயனில்லை. கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள், வேண்டுமென்று கேட்க ஊரில் ஆளுமில்லை, அவரவர் வயலுக்கு அவரவர் போட்டு முடித்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய உரத்தைக் குப்பையில் கொட்ட எந்த விவசாயிக்கும் மனசு வராது. பிரித்த மூட்டையை வயலில்தான் கொட்ட வேண்டும். கொட்டினாள்.

பயிர் கறுத்தது. வரப்பில் நின்று பார்த்தால் சுற்றிலும் எல்லா வயலும் பச்சை, அத்தையின் மூன்று மா மட்டும் மை பூசிய மாதிரி. பக்கத்து வயல்காரர், "என்னக்கா, பயிரு இடுப்புக்கு மேல வந்து கொழுகொழுன்னு நிக்குது? ஒரு காத்து தாங்குமா?" என்றார். "உன் வயலைப் பாருய்யா, கண்ணு வெக்காத" என்று அவரிடம் சொன்ன அத்தை, வீடு திரும்பும் வழியில் இரண்டு தடவை நின்று வயலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாததா.

மூன்றாவது மூட்டை வந்து கூடத்தில் கிடந்தது. அன்று அவள் உடனே பிரிக்கவில்லை. தையல் நூலின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தூறல். கதவிலிருந்த சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஞ்சிக் கிடக்கிற பின்சக்கரச் சீட்டை எடுத்து இன்னொரு தடவை படிடா. மணி எப்ப வரும், எதுல வரும்னு ஏதாச்சும் போட்டிருக்கா பாரு."

பிரிக்காத மூட்டையை ராவுத்தர் திரும்ப எடுத்துக்கொள்வார். இதற்குமேல் உரம் விழாவிட்டால் பயிர் ஒருவேளை தப்பிக்கும். இரண்டும் எனக்கு அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தது.  அந்த இரண்டு வரியைச் சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அதோடு, யார் கண்டது, இந்த மூட்டையிலேயே மணி இருந்துவிட்டால்? கொட்டை எழுத்தை மட்டும் மறுபடி படித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

நூல் "சர்ர்ர்" என்று பிரிந்தது. கை உள்ளே போனது. இருக்கை. அந்த மூட்டையும் வயலுக்குப் போனது.

மார்கழி தொடக்கத்தில், கதிர் பால் பிடித்து நின்ற நேரத்தில், இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் மற்ற வயல்கள் நனைந்து நின்றன. அத்தையின் வயல் பாய் விரித்த மாதிரி தண்ணீரில் படுத்துக் கிடந்தது. நாங்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நாலைந்து குத்தாகச் சேர்த்துத் தூக்கிக் கட்டிப் பார்த்தோம். கட்டி நிமிர்த்தியது கையை எடுத்ததும் சாய்ந்தது. "விடுடா, உனக்குச் சளி பிடிச்சுக்கும்" என்றாள் அத்தை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தை மாதம் களத்தில் தூற்றியபோது பாதிக்கு மேல் பதராகப் பறந்தது. மிராசுதாரின் காரியக்காரர் நெல்லை அளந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றார். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கதவிலிருந்து உரித்த ஐந்து படங்களை மட்டும் வைத்து நான் அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. மறு புரட்டாசியில், அத்தை தன்னுடைய மூன்று மாவிலேயே, இன்னொருவருக்காகக் கூலிக்கு நடவு நட்டாள்.

நான் படித்தேன். அத்தைதான் அப்பாவிடம் சண்டை போட்டு அனுப்பினாள். தினமும் எட்டு மைல் நடந்தேன். நடக்க முடிகிற தூரம்தான் அது.

வேலை கிடைத்ததும் தவணையில் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு போய் அவள் வாசலில் நிறுத்தினேன். சுற்றி வந்து பார்த்தவள், "மணி இருக்காடா?" என்று கேட்டு, கட்டைவிரலால் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வாய் விட்டுச் சிரித்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் இருந்தாள். சொல்லவில்லை.

அந்தக் கதவு இப்போது இல்லை, வீடும் இல்லை. உரம் வேறு வகைப் பையில் வருகிறது, உள்ளே படமெல்லாம் கிடையாது. ஏமாற்று விளம்பரத்துக்குச் சட்டம் வந்துவிட்டது, புகார் கொடுக்க நுகர்வோர் மன்றம் இருக்கிறது. நானே இரண்டு பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எறும்பு எழுத்து மட்டும் போகவில்லை. போன வாரம் எங்கள் வீட்டில் சமையல் செய்கிற அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை நீட்டினார்: "சார், எனக்கு ஸ்கூட்டர் பரிசு விழுந்திருக்காம். மக காலேஜுக்குப் போக ஆவும். என்ன போட்டிருக்குன்னு படிங்க சார்."

பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன்.

"அவ்வளவுதானா சார்?"

 கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"இல்லம்மா. கீழே இன்னும் ரெண்டு வரி இருக்கு. உக்காருங்க, படிக்கிறேன்."