ஆடியில் வாங்கிய டேப்லெட்

தமிழ்ச்செல்வி அக்கா, ஜெயபாண்டி அண்ணனின் பிளக்ஸ் அச்சகத்தை விட்டுக் கிளம்பியது வைகாசியின் கடைசி முகூர்த்த நாளன்று. ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் கல்யாணமும் காதுகுத்துமாக மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மதியத்தில், தன்னுடைய மவுஸையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, திருநகர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அச்சகத்தில் அவள் காசில் வாங்கியது மவுஸ் ஒன்றுதான்.

அக்கா என் பெரியப்பா மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசேஷ வீடுகளுக்கு பிளக்ஸ் வடிவமைப்பவள். எங்கள் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போடாமல்கூட இருந்துவிடலாம், பிளக்ஸ் வைக்காமல் இருக்க முடியாது. அதில் சொந்தபந்தம் அத்தனை பேர் முகமும் இருக்க வேண்டும். யார் தலை எவ்வளவு பெரியது, யார் யாருக்குப் பக்கத்தில், யார் மேலே, யார் கீழே என்பதில் ஒரு தப்பு நடந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

அன்றைக்கு அப்படி ஒரு தப்பு நடந்திருந்தது. செக்கானூரணியில் சூரியபிரகாஷ் என்பவரின் மகளுக்குக் காதுகுத்து. அக்கா பிளக்ஸைத் தயார் செய்து அவருடைய போனுக்கு அனுப்பினாள். உள்ளங்கை அளவுத் திரையில் அவர் தன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, அடிச்சிருங்க" என்று பதில் போட்டார். அச்சடித்து ஊர் முகப்பில் நிறுத்திய பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. மேல் வரிசையில் சூரியபிரகாஷின் நண்பர்கள் கூலிங்கிளாஸோடு முழு உருவமாக நின்றார்கள். அவர்களின் காலுக்கு நேர் கீழே குழந்தையின் தாய்மாமன் விருமாண்டியின் தலை.

விருமாண்டி சீர்த் தட்டுகள், ஆட்டுக்கிடா, மேளம் எல்லாவற்றோடும் வந்து அந்த பிளக்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டார். "மருமக காதுகுத்துக்கு வந்த என் தலைய, எவனோ ஒருத்தன் செருப்புக்குக் கீழ வச்சிருக்காய்ங்க. நான் எதுக்கு உள்ள வரணும்?" என்றாராம். காது குத்துவதற்கான நல்ல நேரம் தாண்டியும் அவர் அசையவில்லை. கடைசியில் பிளக்ஸைக் கழற்றிச் சுருட்டிப் போட்ட பிறகுதான் ஊருக்குள் கால் வைத்தார்.

ஜெயபாண்டி அண்ணன் அக்காவை நேரில் போய் விருமாண்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். பார்த்து ஒப்புக்கொண்டது அந்த வீட்டுக்காரர், நான் எதற்குக் கேட்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த மவுஸும் தூக்கும்.

இரண்டு நாள் கழித்து ஜெயபாண்டி அண்ணனே போன் செய்தார். ஆடியில் விசேஷம் கிடையாது, அது முடியும்வரை அவள் நாற்காலி காலியாகவே இருக்கும், ஆவணி பிறந்தால் வேறு ஆள் உட்காரும் என்றார். ஆக, அக்காவுக்கு ஆடி முடியும்வரை தவணை. திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்காருவது, இல்லையென்றால் தனியாகத் தொழில் செய்வது.

தனியாகச் செய்ய ஒரு டேப்லெட் வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். முடிவு சரியானதுதான். விசேஷ வீட்டுக்கே போய், பெரிய திரையில் எல்லோருக்கும் காட்டி, அங்கேயே மாற்றி, அங்கேயே சம்மதம் வாங்கிவிடலாம். வீட்டிலிருந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பஸ்ஸில் அலைய முடியாது. அதன் பேட்டரி திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் படுத்துவிடும்.

வாங்குவதா வேண்டாமா என்பதில்தான் எல்லாம் நின்றது. அப்போதுதான் நான் சில வருடங்கள் வெளியூர், வெளிநாடு என்று சுற்றிவிட்டு வண்டியூருக்குத் திரும்பியிருந்தேன். போன இடமெல்லாம் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன் என்ற ஒரே தகுதியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். தினமும் போன். பத்து அங்குலம் போதுமா, பதினொன்றா? பேனா கூடவே வருமா, தனியாக வாங்க வேண்டுமா? பஸ்ஸில் மடியில் வைத்தால் வழுக்குமா? கிடாக்கறி தின்ற கையால் தொட்டால் என்ன ஆகும்? என் பயணங்களில் அது நேரவில்லை.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கு அவளோடு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு டேப்லெட்டாகக் கையில் வாங்கி, கடைக்காரரின் மேசையில் வைத்து அதில் ஒரு தாய்மாமனை வரைந்து பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்பாள். அங்கிருந்த விற்பனைப் பெண் சத்யப்ரியா எங்கள் தலையைக் கண்டதும் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டில் கேட்டால் என்ன வரும்? அக்காவின் கணவர் பாண்டியராஜன் மச்சானுக்குக் கப்பலூரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் வேலை. போன் போதாதா என்று ஒரு நாள் கேட்பார். வாங்குவதென்றால் பெரிதாக வாங்கு என்று மறுநாள் சொல்வார். என்னுடையதையே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். அடுத்தவர் பொருளில் தொழில் தொடங்கக் கூடாது என்று மறுத்துவிட்டாள்.

ஆனி முழுக்க இப்படியே போனது. ஆடி பிறந்ததும் தள்ளுபடி வந்தது. அவள் விரும்பிய டேப்லெட்டின் விலை நன்றாக இறங்கியிருந்தது. இனி சிக்கல் இல்லை என்று நிம்மதியடைந்தேன். சிக்கலே அங்கேதான் தொடங்கியது. ஆடியில் தொழிலுக்கான பொருளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதாம். ஆவணி வரை காத்திருந்தால் தள்ளுபடி போய்விடும். கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வாங்கிவிடலாம், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் என் வீட்டில் வைத்துவிடலாம்.

"என் வீட்ல ஆடி இல்லயாக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கென்னடி, நீ தொழிலா பாக்குற."

அட்டைப் பெட்டி என் அலமாரியில் வந்து உட்கார்ந்தது. பிரித்துப் பார்த்துவிடலாம், பழுது இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்கள் என்று ரசீதிலேயே போட்டிருக்கிறது என்று மன்றாடினேன். ஒட்டியிருந்த தாளைக் கிழித்தால் புழங்கிய மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி என்னைப் பார்த்தது. ஒரு வாரம் போனது. ஆடியும் போனது. கடைசி நாளில் அக்கா ஜெயபாண்டி அண்ணனுக்குப் போன் செய்து, நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவர் நல்லா இருக்கச் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஆவணி முதல் தேதி காலையில், தெப்பக்குளத்து மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் திறந்தாள். திரை பளிச்சென்று வந்தது. பேனாவை எடுத்து வரைந்தாள். எல்லா இடத்திலும் கோடு விழுந்தது, மேல் வலது மூலையைத் தவிர. நானும் விரலால் தொட்டேன், தட்டினேன், துடைத்துவிட்டுத் தொட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு அந்த மூலை செத்துக் கிடந்தது.

கடைக்கு ஓடினோம். மாற்றித் தரும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றாள் சத்யப்ரியா. ஏன் இவ்வளவு நாள் பிரிக்கவில்லை என்று கேட்டாள். அக்கா ஆடியை விளக்கினாள். சத்யப்ரியாவுக்கு அது புரிந்தது என்பதுதான் கொடுமை. அவளும் தலையை ஆட்டிக்கொண்டே, பழுது பார்க்கும் இடத்துக்கு வழி சொன்னாள். அங்கே, இலவசமாகவே சரிசெய்து தருகிறோம், ஆனால் இந்த மாடலுக்கு இப்போது திரை கையிருப்பில் இல்லை, வந்ததும் குறுஞ்செய்தி அனுப்புகிறோம் என்றார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியும் போய், பொருளும் இப்படி ஆனதில் அக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் என் கத்தலும் நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் அந்த டேப்லெட்டோடுதான் முதல் வேலைக்குப் போனாள். திருவாதவூரில் அன்னக்கொடி என்பவரின் வீடு. மகனுக்குக் காதுகுத்து. துணைக்கு நானும் போனேன். திரையைப் பார்க்க வீடே கூடிவிட்டது. ஆளாளுக்கு விரலை வைத்து இழுத்தார்கள். சித்தப்பா மேலே போனார், பெரியப்பா கீழே வந்தார், ஒரு அத்தை தன் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனதில் குழந்தை மறைந்தது. அதையெல்லாம் அக்கா பொறுமையாகச் சரிசெய்தாள். குழந்தையின் தாய்மாமனை மட்டும் தொடக்கத்திலேயே மேல் வலது மூலையில் வைத்திருந்தாள். டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பினால் படமும் சுழன்று, தாய்மாமன் வேலை செய்யும் மூலைக்கு வந்துவிடுவார் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். வைத்த பிறகு நேராகத் திருப்பிவிட்டால் யாராலும் அவரை அசைக்க முடியாது.

சித்தப்பா முயன்றார். விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இவரு மட்டும் எறங்க மாட்டேங்குறாரே" என்றார்.

"தாய்மாமன்ல, அப்பிடித்தான் இருப்பாரு" என்று அன்னக்கொடி சொன்னதும் வீடே சிரித்தது. அந்த விசேஷத்தில் பிளக்ஸுக்கு முன்னால் யாரும் கோபித்துக்கொண்டு நிற்கவில்லை.

படம் நகராமல் பூட்டி வைக்க அவள் வடிவமைக்கும் செயலியிலேயே வழி இருக்கிறது, இதற்காகப் பழுதான திரையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்று காட்டினேன். எரிச்சலோடுதான் காட்டினேன்.

"பூட்டுனா நான் பூட்டுனேம்பாக. சண்டைக்கு வருவாக. இது மெஷினு சொல்றது, மெஷினுகிட்ட யாரு சண்டைக்குப் போவா?" என்றாள்.

புரட்டாசியில் வேலை இல்லை. ஐப்பசியில் வேலைகள் வந்தன. தாய்மாமனை யாராலும் இறக்க முடியாத பிளக்ஸ் என்று பேச்சுப் பரவி, தை பிறந்ததும் ஒரு போன் வந்தது. பேசியது விருமாண்டி. மகள் வயதுக்கு வந்ததற்குச் சடங்கு வைத்திருக்கிறாராம்.

போகலாமா வேண்டாமா என்று அக்கா இரண்டு நாள் என் உயிரை வாங்கினாள். போனோம். விருமாண்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காப்பி வரவழைத்தார், செக்கானூரணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரையைக் கையில் வாங்கி, மேல் வலது மூலையைப் பார்த்ததும்தான் நெற்றி சுருங்கியது. இந்த விசேஷத்தில் அவர் பெண்ணின் அப்பா. தாய்மாமன் அவருடைய மச்சினன்.

"இவனை இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கியே தாயி, கொஞ்சம் கீழ எறக்கு."

"நீங்களே எறக்கிக்கங்கண்ணே" என்று அக்கா சாதுவாகச் சொன்னாள்.

விருமாண்டி விரலை வைத்து இழுத்தார். துண்டில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். மச்சினன் மீசையோடு அங்கேயே இருந்தார். கதவோரம் நின்றிருந்த விருமாண்டியின் மனைவி இருளாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்புக்குக் கீழ நின்னது மறந்துபோச்சாக்கும்" என்றார் இருளாயி.

விருமாண்டி டேப்லெட்டை அக்காவிடம் நீட்டினார். "அடிச்சிரு தாயி. ஊரு முகப்புக்கு ஒண்ணு, மண்டபத்துக்கு ஒண்ணு."

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஓய்வில்லை. மாசியில் ஜெயபாண்டி அண்ணனே அவள் வடிவமைப்பதைத் தன் அச்சகத்தில் அடித்துத் தரத் தொடங்கினார். நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பினேன். இனி டேப்லெட்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி எனக்கு.

பங்குனி முடியும் நேரம், எங்கோ ஒரு ரயிலில் இருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. பழுது பார்க்கும் இடத்திலிருந்து அவளுக்கு வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள்: தங்கள் சாதனத்துக்கான புதிய திரை வந்துவிட்டது, பத்து நாட்களுக்குள் கொண்டுவந்து இலவசமாக மாற்றிக்கொள்ளவும். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்:

"மாத்தவா, வேணாமா? வீட்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. நீ நாலு ஊரு பாத்தவ, நீ சொல்லு."