இடது பக்கத்துத் தக்காளி

கண்ணை மறைக்கும் அந்த வி.ஆர். பெட்டியை மாட்டிவிட்டால் கள்ளக்குறிச்சியே காணாமல் போய்விடும். அதுதான் ஜெயசுதாவுக்குப் பிடித்திருந்தது. பிசியோதெரபி சென்டரில், டிரெட்மில் மேல்தான் நிற்கிறாள், இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்ணெதிரே ஏதோ ஒரு ஊர்க் கடை, இரண்டு பக்கமும் அலமாரி. நடந்துகொண்டே, காதில் சொல்கிற சாமானை எடுக்க வேண்டும். இடப்பக்கம் இருப்பதை இடக்கையால், வலப்பக்கம் இருப்பதை வலக்கையால். "இந்தக் கடைக்குப் பின்னாடி போய்ப் பாத்தா இன்னா இருக்கும் மேடம்?" என்று முதல் நாளே கேட்டு, தெரபிஸ்ட் ரம்யாவைச் சிரிக்க வைத்தவள் அவள்.

நைனார்பாளையத்துக்காரி. பதினாலு வருஷமாகக் கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறவள். யாருக்கு ரசம், யாருக்கு இன்னொரு அப்பளம், அவளிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை. போன வருஷம் கால் மரத்தது, பார்வை மங்கியது, கேட்டது மறந்தது. பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறை அங்கங்கே தேய்கிற நோயாம். நின்றால் யோசிக்க முடிந்தது. யோசிக்காவிட்டால் நடக்க முடிந்தது. இரண்டும் சேர்ந்து வரவில்லை. பந்தி என்றால் இரண்டும் சேர்ந்துதானே?

சமையல் காண்ட்ராக்டர் வெங்கடேசன் கறாராகச் சொல்லிவிட்டார்: "கொதிக்கிற சாம்பாரு சுதா. கொழந்த மேல கொட்டிட்டா இன்னா பண்றது? பரிமாறலாம்னு சென்டர்ல எழுதி வாங்கினு வா. இல்லன்னா காய் நறுக்கு." காய் நறுக்குவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அவளுக்குப் பந்திதான் வேண்டும்.

நாலு வாரத்தில் நடை தேறியது. மார்க்கு மட்டும் பாதியிலேயே நின்றது. இடப்பக்கத்துச் சாமான் ஒன்றையும் அவள் தொடவில்லை. மூளை இடப்பக்கத்தைக் கவனிப்பதே இல்லையோ என்று ரம்யா பயந்தாள். அப்படியே எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பெட்டியைக் கழற்றச் சொல்லிக் கேட்டாள்.

"அக்கா, இடது பக்கம் தக்காளி இருந்துச்சே. நீங்க பாட்டுக்குத் தாண்டிப் போய்க்கினே இருந்தீங்க. தெரியலயா?"

"தெரியாம இன்னா? மூணு தக்காளி. அதுல ஒன்னு காயி."

"அப்ப ஏன் எடுக்கல?"

"அந்தக் கையில வாளி இருக்குங்களே!"

சொன்ன பிறகுதான் தன் இடக்கையைக் குனிந்து பார்த்தாள். விரல்கள் மடங்கி, இல்லாத வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தன. "அட, என் புத்தியே! சாப்பாட்டுச் சாமானை இடக்கையில தொட்டுப் பழக்கமே இல்லீங்க மேடம்."

சிரித்து ஓய்ந்த ரம்யா, ஒரு காலி வாளியைத் தேடிப் பிடித்து அவள் இடக்கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் வலக்கையாலேயே எடுக்கும்படி விளையாட்டை மாற்றினாள். இருபதுக்குப் பதினெட்டு!

துள்ள வேண்டியவள் துள்ளவில்லை. "அந்த ரெண்டு எப்பப் போச்சு?" என்று துருவினாள். இரண்டுமே கடைசியில், கால் இழுக்கத் தொடங்கிய பிறகு. மறுநாளும் ஆடிப் பார்த்தாள், அதற்கு மறுநாளும். இருபது நிமிஷம் வரை எல்லாம் சரியாக வந்தது. அதற்கு மேல் கால் துவண்டதும் ஞாபகமும் துவண்டது.

"இருவது நிமிஷம்னா ஒரு பந்தி தாங்கும். அப்படியே எழுதுங்க மேடம்" என்றாள்.

ரம்யா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெங்கடேசனும் ஒத்துக்கொண்டார். கரியாலூரில் கல்யாணம். முதல் பந்தியில் அவளுக்கு ஒரு வரிசை, முப்பது இலை. நாலாம் இலைக்கு மோர், பதினோராம் இலைக்கு ரசம், ஓரத்துப் பெரியவருக்கு வெந்நீர். எல்லாம் போய்ச் சேர்ந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் பந்திக்கு ஆள் போதவில்லை. வெங்கடேசனே வாளியை நீட்டினார். "ஜோரா பண்ற சுதா. இந்த வரிசையும் பாத்துடு."

அவள் கை தானாக வாளிப் பக்கம் நீண்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே வருஷம் முழுக்க அழுதாள்!

"முடியாதுண்ணே. இதுக்கு மேல நடந்தா யாரு இன்னா கேட்டாங்கன்னு மனசுல நிக்காது. என்னுது ஒரு பந்திதான்."

பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, காலியாக இருந்த ஓர் இலை முன்னால் போய் அவள் உட்கார்ந்தாள். வெங்கடேசன் அந்த வரிசைக்குத் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே" என்றாள் ஜெயசுதா, சோற்றில் கை வைக்காமல். "மூணாவது எலைக்காரரு அப்பளம் கேட்டு ரெண்டு நிமிஷம் ஆவுது."